ரெண்டு மிதி வண்டி

ஜூலை 14, புதன்

காற்று. விடிந்ததிலிருந்து ஜன்னல் கதவு அடித்துக்கொண்டே இருக்கிறது. கழுவிக் கவிழ்த்த தட்டில்கூடக் கரிசல் புழுதி.

மூன்றாம் தண்ணி ஊற்றியாயிற்று. மஞ்சள், வேப்பிலை, சொம்பு சொம்பாகத் தலையில். "ஆத்தா எறங்கிட்டா, இனி எங்க வேணாலும் போ" என்று மதினி சொல்லிவிட்டாள். அடுப்படியில் கடுகு வெடிக்கும் சத்தம் கேட்டு எத்தனை நாளாயிற்று! அம்மை போட்ட வீட்டில் தாளிக்கக் கூடாதாம். இன்றைக்குத் தாளித்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. மூக்கோரம் ஒரு வடு நிற்கும் போலிருக்கிறது. நிற்கட்டும்.

பூட்ஸை மாட்டினேன். இளம்பிள்ளை வாதம் வந்த இடது கால் இன்னும் மெலிந்துவிட்டது, கம்பிப் பட்டையை ஒரு ஓட்டை தள்ளி இறுக்க வேண்டியிருந்தது. நேராக வண்டியிடம்.

சாவி போட்டதும் எடுத்துக்கொண்டது. கியர்க் கம்பியை டி-க்கு, முன்னால் ஓடுகிற இடத்துக்கு, இழுத்தேன். ஒன்றும் இல்லை. வண்டி சும்மா நிற்கிறது. எப்போதும் டி விழுந்ததும் மெல்ல ஒரு அசைவு வரும், கட்டின மாடு கயிற்றை இழுக்கிற மாதிரி. அது இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். அப்புறம் திடீரென்று ஒரு உதை. பின்னால் இருந்த காலி டிரம் உருண்டு கதவில் மோதியது.

தெருக்கோடி வரை போய்த் திரும்பினேன். இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்குத் தானாக மாறும்போது என்ஜின் ஓவென்று கத்துகிறது, வேகம் ஏறவில்லை. சூடாக ஆக மோசம். ரிவர்ஸ் மட்டும் ஒழுங்காக விழுகிறது.

படுக்கையில் விழுகிற அன்று காலைவரை நன்றாக ஓடின வண்டி. நான் வேப்பிலைக்கு நடுவில் கிடந்த நாட்களில் ஊர் ஊராகப் பெட்டி வாங்கி வருகிற லைனுக்கு மாடசாமிதான் கொண்டுபோனான். எங்கள் தீப்பெட்டி ஆபீஸ் வேன் டிரைவர். சில நாள் அண்ணனும் கூடப் போயிருக்கிறான். என்ன செய்தார்கள் என்று தெரியவில்லை.

மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. கடுகு தாளித்த குழம்பு, அப்படியே இருக்கிறது.

ஜூலை 15, வியாழன்

தங்கராசு வந்தான். டவுனில் இருக்கிற மெக்கானிக்கில் இவன்தான் கொஞ்சம் துணிச்சல்காரன், அதுதான் பயமாகவும் இருக்கிறது. "எந்த வண்டியா இருந்தாலும் வண்டிதானக்கா. நாலு சக்கரம், ஒரு என்ஜினு" என்றான். கீழே குனிந்து பார்த்தான். நிமிர்ந்தான். "கிளட்ச் எங்கனக்கா?" என்றான்.

இல்லை என்றேன்.

"இல்லாம எப்படி ஓடுது?"

இவனை நம்பி என்ன செய்வது!

ஆபீஸ் பெண்கள் தீக்குச்சிக் கட்டை அடுக்குவதை விட்டுவிட்டு வாசலில் வந்து நின்று வேடிக்கை. கண்ணாடி வேறு முகத்தைக் காட்டுகிறது, வடுவோடு.

அப்புறம் தங்கராசு என்ஜினை அணைக்கச் சொன்னான். அளவுக் கம்பியை உருவித் துடைத்து விட்டுப் பார்த்தான். "ஆயில் கொறையுதே. அதாம் இழுக்க மாட்டேங்குது." கடையிலிருந்து ஆயில் வாங்கிவந்து ஊற்றினான். கோடு வரை. அதற்கு மேலேயும் கொஞ்சம், 'கெடக்கட்டும்' என்று.

ஓட்டினேன். எட்டயபுரம் ரோட்டில் ரயில்வே கேட் தாண்டவில்லை. முன்னை விட மோசம். டி போட்டால் ரொம்ப நேரம் யோசிக்கிறது. கம்பியை உருவிப் பார்த்தால் நுரை. சோப்புத் தண்ணி மாதிரி. ஆயில் நுரைக்குமா? வாயில் வந்ததை எல்லாம் தங்கராசுவை ஏசினேன். அவன் இல்லாத இடத்தில்.

அண்ணன் சாயங்காலம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தான். பீடிகை போடுகிறான் என்று தெரிந்துவிட்டது.

"ஏட்டி, சிவகாசில ஒரு பட்டறைக்காரன் இருக்கான். ஜீப்பு கியர்பெட்டி ஒண்ணு கெடக்காம். இதக் கழட்டிப் போட்டுட்டு அத மாட்டிருவான். கிளட்ச்சும் வச்சிருவான்."

"கிளட்ச்ச யாரு மிதிக்க?"

"மாடசாமி ஓட்டட்டும். நீ ஆபீஸ்ல ஒக்காந்து சரக்க எண்ணி வாங்கு. வெயில்லயும் புழுதிலயும் நீ என்னத்துக்கு அலையணும்? அம்மை போட்ட ஒடம்பு."

அம்மை உடம்பு இன்னும் ஒரு மாதம். கால் எப்போதும். அவன் சொல்ல வந்தது காலை.

அப்பா இந்த வண்டியை ஏலத்தில் எடுத்த அன்று ஊரே சிரித்தது. துறைமுகத்தில் வேலை முடித்துப் போன வெளிநாட்டுக் கம்பெனி விட்டுப்போன பிக்கப். 'மெக்கானிக்கும் கெடைக்காது, சாமானும் கெடைக்காது' என்று எல்லோரும் சொன்னார்கள். அப்பா ஒன்றுதான் சொன்னார்: "எம்புள்ளைக்கு இடது காலுக்கு வேலை இல்லாத வண்டி வேணும்." லைசென்ஸுக்கு அவரே கூட நின்றார். அதற்கு அப்புறம்தான் நான் ஒரு ஊரைத் தனியாகப் பார்த்தேன். இருபத்தெட்டு வயதில். யாருடைய சைக்கிள் கேரியரிலும் உட்காராமல்.

"ஞாயித்துக்கெழம வரைக்கும் டைம் குடு" என்றேன்.

"அதுக்குள்ள?"

"எப்போதும்வென்றான் ஊர் வரைக்கும் நீயும் வா. போய்ட்டு வந்துட்டா வண்டி எனக்கு. வழில நின்னுட்டா சிவகாசிக்கு அனுப்பு."

தலையை ஆட்டினான். சிரித்த மாதிரிகூட இருந்தது. வண்டி நின்றுவிடும் என்று அவனுக்கு நிச்சயம்.

ஜூலை 16, வெள்ளி

அண்ணன் காலையிலேயே விருதுநகர், தீக்குச்சி மருந்துச் சாமான் வாங்க.

வீட்டுப் போனில் வெளியூர் கிடைக்காது. எஸ்.டி.டி. பூத். தூத்துக்குடிக்கு. அந்தக் கம்பெனியில் இந்த வண்டியைப் பார்த்துக்கொண்ட பெர்னாந்து அண்ணாச்சி, அப்பா எழுதி வைத்த நம்பர், கிடைப்பாரா என்று சந்தேகத்தோடுதான் சுற்றினேன். கிடைத்தார். துறைமுகத்துக்குப் பக்கத்தில் இப்போது சொந்தப் பட்டறையாம். காற்றுச் சத்தத்தில் பாதி கேட்கவில்லை. கேட்டதை எழுதிவைக்கிறேன்:

— ஆயில் அளவு என்ஜின் ஓடும்போது பார்க்கணும். சூடா இருக்கணும். அணைச்சிட்டுப் பார்த்தா தப்பு.

— கோட்டுக்குக் குறைஞ்சாலும் கூடினாலும் நுரைக்கும். நுரை எதையும் தள்ளாது.

— இதுக்குச் சிவப்பு ஆயில். வேற எதுவும் கூடாது.

— கம்பியை மோந்து பார்.

பூத்துக்கு வெளியிலேயே வண்டி நின்றது. ஓடிப்போய், அதாவது என் ஓட்டத்தில், மோந்து பார்த்துவிட்டு வந்து மறுபடி போன்.

"கருகின வாடை அண்ணாச்சி. அடிப்பிடிச்ச சோறு மாதிரி. நிறமும் செவப்பு இல்ல, காப்பித் தண்ணி."

அண்ணாச்சி கேட்டார்: "தாயி, வண்டியக் கட்டி இழுத்தீங்களா?"

"இல்ல."

"என்ஜின ஆஃப் பண்ணி எறக்கத்துல உருட்டுனாங்களா யாராச்சும்? பெட்ரோல் மிச்சம்னு?"

தெரியாது என்றேன்.

"உள்ள இருக்க பம்பு என்ஜினோடதான் சுத்தும். என்ஜின் நின்னுட்டா ஆயில் ஓடாது. சக்கரம் மட்டும் சுத்தும். உள்ள பிளேட்டெல்லாம் வறண்டு கருகிரும். கியர் வண்டி ஓட்டிப் பழகுனவன் எல்லாரும் செய்யுத வேலைதான் இது. கியர் வண்டிக்குப் பெட்டி கெட்டுப்போவாது. இதுக்கு எமன்."

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. வைத்துவிட்டு நேரே ஆபீஸ். மாடசாமி வேனைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"ஏலே, என் வண்டிய எறக்கத்துல அணைச்சிப் போட்டா உருட்டுன?"

துணியைப் பிடித்தபடி நின்றான். "அக்கா..."

"அக்கா நொக்கான்னு இழுக்காத. ஒரு படி பெட்ரோல் மிச்சம் புடிக்கேன்னு வண்டியக் கொன்னு வச்சிருக்க. அது வெறும் வண்டியா எனக்கு? சொல்லு. என் காலு அது!"

வாசலில் பெண்கள். யாரும் கட்டை அடுக்கவில்லை. அவன் முகம் ஒரு மாதிரியாகிவிட்டது. துணியை மடித்து வேன் பம்பர் மேல் வைத்தான். சாவியை ஆணியில் மாட்டினான்.

"வாரேன்க்கா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

போகட்டும். குற்றம் செய்தவனுக்கு ரோஷம் என்ன வேண்டியிருக்கிறது!

சாயங்காலம் அண்ணன், "மாடசாமி எங்க?" என்றான். வண்டியை ஒழுங்காக ஓட்டவில்லை, ஏசினேன், போய்விட்டான் என்றேன். அண்ணன் மேற்கொண்டு கேட்பதற்குள் போன் வந்துவிட்டது, ஏஜெண்ட் ஒருத்தன், அரை மணி நேரம்.

கை ஓயவில்லை. அலமாரியை ஒழுங்குபடுத்தினேன். மறுபடி கலைத்து ஒழுங்குபடுத்தினேன். மதினி, "சும்மா ஒரு எடத்துல இரேன்" என்றாள். எப்படி இருப்பது?

ஜூலை 17, சனி

ஆடி பிறந்துவிட்டது. காற்றுக்குச் சொல்லவா வேண்டும்! கொடியில் போட்ட சேலை பக்கத்து வீட்டு முருங்கையில்.

நேற்று சாயங்காலம் மறுபடி போனில் கேட்டபடி, காலை பஸ்ஸில் பெர்னாந்து அண்ணாச்சி சிவப்பு ஆயில் டின்களைக் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டிருந்தார். சேம்பர் மூட்டில் ஒழுகாமல் வைக்கிற பேக்கிங் ஒன்றும். அவரிடம் கிடந்த பழசைப் பார்த்துத் தானே வெட்டினாராம். நல்ல மனிதர். கண்டக்டர் டின்னை இறக்கிக்கொண்டே, "யக்கா, இது என்ன ரோஸ் மில்க்கா?" என்றார்.

தங்கராசுவை மறுபடி கூப்பிட்டேன். வந்தான், கொஞ்சம் சுருதி குறைந்து. வண்டிக்கு அடியில் அவன், பக்கத்தில் முக்காலியில் நான். நேற்று பூத்தில் எழுதியதைப் பார்த்துப் பார்த்துச் சொன்னேன். கியர்பெட்டிக்கு அடியில் இருக்கிற ஆயில் சேம்பரை இறக்கினான். முகத்தில் கொஞ்சம் ஊற்றிக்கொண்டான்.

சேம்பர் அடியில் கறுப்புச் சேறு. விரலால் தொட்டேன். மை மாதிரி, நறநறவென்று. சல்லடை முழுக்க அதே. பிளேட்டின் தோல் உதிர்ந்து வந்தது அது என்று தெரியும், தெரிந்தும் சேம்பரைத் தூர வைக்க மனம் வரவில்லை. தங்கராசு சல்லடையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான்.

"இது போன சாமான் போனதுதானக்கா?"

"மிச்சம் இருக்குறத வச்சு ஓட்டுவோம்" என்றேன்.

பெட்ரோலில் சல்லடையைக் கழுவி, காற்றடித்து, மாட்டி, பேக்கிங் வைத்து, சேம்பரை ஏற்றினோம். சிவப்பு ஆயில். இந்த முறை என்ஜின் ஓட, சூடாக, கோட்டுக்குக் கோடு. ஆக்சிலேட்டரிலிருந்து கியர்பெட்டிக்கு ஒரு வயர் போகிறது, அது தொங்கிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி போனில் சொன்னபடி இழுத்து வைத்தோம். அதில் தங்கராசு கெட்டிக்காரன், கை நிதானமாக வேலை செய்கிறது.

டி.

மூச்சு விடுவதற்குள் விழுந்தது. மெல்ல, அந்தப் பழைய அசைவு!

'ஐயோ' என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். தங்கராசு பயந்து பின்னால் குதித்தான்.

பைபாஸ் வரை ஓட்டம். மூன்றாவது மாறும்போது இன்னும் கொஞ்சம் கத்துகிறது, ஆனால் ஆக்சிலேட்டரில் காலை ஒரு நொடி எடுத்துக் கொடுத்தால் மாறிவிடுகிறது. அதைப் பழகிக்கொண்டேன். அதுவும் நானும் பேசி வைத்துக்கொண்ட மாதிரி. பாடிக்கொண்டே வந்தேன், கண்ணாடியை இறக்கிவிட்டு, வாயில் புழுதி போகப் போக.

வீட்டு வாசலில் ரிவர்ஸ் போட்டேன், ஷெட்டில் விட. விழவில்லை.

மறுபடி போட்டேன். நியூட்ரல், ரிவர்ஸ், நியூட்ரல், ரிவர்ஸ். என்ஜின் சத்தம் மாறவே இல்லை. ரிவர்ஸ் செத்துவிட்டது. நேற்று வரை அது ஒன்றுதான் ஒழுங்காக இருந்தது!

பூத்துக்குப் போய்க் கேட்டேன். "புது ஆயில் போட்டா சிலது அப்படித்தான் தாயி. அழுக்குதான் அதப் புடிச்சிட்டு இருந்திருக்கும். அத முழுசா இறக்கிப் பிரிச்சாத்தான் சரியாவும். இப்ப முன்னால போவுதுல்லா? முன்னாலயே போங்க."

முன்னாலேயே போங்க. பெரிய வேதாந்தம்.

அண்ணனிடம் சொல்லப்போவதில்லை. வண்டியைத் தெருவிலேயே நிறுத்திவிட்டேன், மூக்கு ரோட்டைப் பார்த்து. "ஷெட்டுல வுடலியா?" என்றான். காற்றுக்கு ஷெட் தகரம் ஆடுகிறது, மேலே விழுந்துவிடும் என்றேன். பொய் எவ்வளவு சுலபமாக வருகிறது எனக்கு.

நாளைக்குப் போகிற வழியை மனதில் ஓட்டிப் பார்த்தேன். எங்கே திரும்ப இடம் இருக்கும்? எட்டயபுரத்தில் பிரச்சினை இல்லை. எப்போதும்வென்றானில் உள்ளே சந்து வரை போகக் கூடாது, களத்தைச் சுற்றி வந்து நிறுத்தணும். வழியில் மாட்டு வண்டி எதிரே வந்தால்? ஆட்டுக் கிடை குறுக்கே வந்தால்? வராது. வரக்கூடாது.

ஜூலை 18, ஞாயிறு

முதலிலிருந்து எழுதுகிறேன்.

காலையில் கிளம்பினோம். நான் ஓட்ட, அண்ணன் பக்கத்தில், பின்னால் பெட்டி ஒட்ட அட்டைக் கட்டு. முன்னால் ஒரே நீள சீட். கையில் தண்ணி பாட்டில் வைத்திருந்தான், வழியில் நின்றால் குடிக்கவாம். டி விழுந்தது. கிளம்பியது.

எட்டயபுரம் வரை அவன் காது முழுக்க கியர்பெட்டியில். மூன்றாவது மாறும்போது ஒவ்வொரு தடவையும் நான் காலை எடுத்துக் கொடுத்தேன். அவன் கண்டுபிடிக்கவில்லை. உழுது போட்ட நிலம் இரண்டு பக்கமும், கறுப்பாக, மழைக்குக் காத்துக்கொண்டு. புழுதிச் சுழி ஒன்று ரோட்டைக் குறுக்கே கடந்து போனது.

எப்போதும்வென்றான். களத்தைச் சுற்றி வந்து, மூக்கு ரோட்டைப் பார்க்க நிறுத்தினேன். பெட்டி ஒட்டுகிற பெண்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

"ரெண்டு மிதி வந்துட்டுட்டீ!" என் வண்டிக்கு அவர்கள் வைத்த பெயர், கிளட்ச் இல்லாமல் இரண்டே மிதிதானே.

"எக்கா, ஒடம்பு தேவலையா? ஆத்தா எப்ப எறங்குனா?"

"மொகத்துல ஒண்ணும் இல்ல. சும்மா ஒரு பொட்டு. அழகாத்தான் இருக்கு."

"ஒங்க அண்ணாச்சி வந்தா பெட்டிய ஒவ்வொண்ணாத் தட்டிப் பாக்காவ. நீங்களே வாங்கக்கா."

அண்ணன் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. இந்த வாசல்களை விட்டுவிட்டு ஆபீஸ் மேஜையில் உட்காரச் சொன்னால் செத்துப்போவேன். அப்படியே நினைத்தேன், வார்த்தை வார்த்தையாக.

மூட்டை ஏற்றி முடித்தாயிற்று. திரும்பும்போது எட்டயபுரம் கிட்டே வரும்வரை வண்டி ஒரு குறையும் வைக்கவில்லை. அண்ணன் பாட்டிலைத் திறந்து எனக்குக் கொடுத்தான்.

"சரி, நகரு. மிச்சத்த நான் ஓட்டுதேன். உனக்கு மூச்சு வாங்குது."

வாங்கத்தான் செய்தது. ஜெயித்துவிட்டோம் என்ற நினைப்பில் மறுப்பும் சொல்லவில்லை. ஓரமாக நிறுத்தி, பூட்ஸைக் கையால் தூக்கி அந்தப் பக்கம் வைத்து நகர்ந்தேன். அவன் சுற்றி வந்து ஏறினான்.

எட்டயபுரம் தாண்டினால் ஓடைப் பாலத்துக்கு நீளமாக ஒரு இறக்கம். சைக்கிள்காரன் பெடலை விட்டுவிட்டு உட்கார்ந்திருப்பான், அவ்வளவு நீளம். அண்ணன் ஏதோ மருந்துச் சாமான் விலை பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தான். சொல்லிக்கொண்டே, ரோட்டைப் பார்த்துக்கொண்டே, இடது கையால் கியர்க் கம்பியை நியூட்ரலுக்குத் தட்டினான். வலது கை சாவியைத் திருகியது.

என்ஜின் நின்றது.

காற்றுச் சத்தம் மட்டும். டயர் சத்தம். மூட்டைக்குள் பெட்டி சலசலப்பு. அவன் இன்னும் விலை பற்றிப் பேசிக்கொண்டே இருக்கிறான்.

"அண்ணே."

"என்ன?"

"சாவியப் போடு."

"பாலம் வரைக்கும் இழுக்கும்ட்டீ. எத்தன தடவ போயிருக்கேன்."

"சாவியப் போடு!"

கத்திவிட்டேன். பயந்துபோய்ப் போட்டான். பாலத்துக்கு அந்தப் பக்கம் ஓரம் கட்டி நிறுத்தினான். பெர்னாந்து அண்ணாச்சி சொன்னதைச் சொன்னேன். பம்பு, ஆயில், வறண்ட பிளேட்டு. நிதானமாகத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

அவன் ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். "அப்பா லாரிலேர்ந்து அப்படித்தான ஓட்டுதேன். அப்பாதான சொல்லிக் குடுத்தாவ" என்றான். அப்புறம், "எல்லாத் தடவையும் நாந்தான் அணைச்சேன்" என்றான்.

நான் ஜெயித்தேன் என்று குதித்திருக்க வேண்டும். இல்லை. ஆணியில் சாவியை மாட்டின மாடசாமியின் கைதான் கண்ணில் நின்றது.

"ரிவர்ஸும் போச்சு. நேத்துலேர்ந்து" என்றேன். எல்லாம் ஒரேயடியாகத் தெரியட்டும்.

"தெரியும். களத்தச் சுத்துனியே, அப்பமே தெரிஞ்சுட்டு."

"தெரிஞ்சா ஏன் சொல்லல?"

"நீ ஓட்டிக் காமிச்சிட்டு இருந்தியே."

கதவைத் திறந்து இறங்கினான். சுற்றி வந்து என் பக்கம் நின்றான், வேட்டி காற்றில் படபடக்க. "நகரு" என்றான். நகர்ந்தேன். நான் விட்ட இடத்தில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினான்.

"பட்டறைக்காரனுக்கு வேண்டாம்னு சொல்லிருதேன். தூத்துக்குடிக்காரர்ட்ட கேளு, இதப் பிரிச்சு மாட்ட எத்தன நாளு ஆவும்னு. அதுவரைக்கும் நீயே ஓட்டு. முன்னால மட்டும் போ."

மன்னிப்பு என்று ஒரு வார்த்தை இல்லை. அண்ணனுக்கு அது வராது. வீடு வரும்வரை இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, எதையும் தொடாமல் உட்கார்ந்திருந்தான். மாடசாமி பெயரை இரண்டு பேரும் எடுக்கவில்லை.

ஜூலை 19, திங்கள்

மாடசாமி இன்றைக்கும் வரவில்லை. வேன் அப்படியே நிற்கிறது. அண்ணன், "நான் போய்ப் பேசட்டா?" என்றான். வேண்டாம் என்றேன். ஏசினது நான்.

கழுகுமலை ரோட்டில் அவன் ஊர். மெயின் ரோட்டில் நிறுத்திவிட்டு நடந்திருக்கலாம். இந்தக் காற்றில் இந்தக் காலோடு முடியாது என்று தெருவுக்குள்ளேயே விட்டேன். விட்ட பிறகுதான் உறைத்தது. சந்து. முட்டுச் சந்து. கடைசி வீடு அவன் வீடு, அதற்கு அப்பால் மண்சுவர்.

ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் துண்டைத் தோளிலிருந்து எடுத்தான், மறுபடி போட்டான். அவன் மனைவி உள்ளே போய்த் தண்ணி கொண்டுவந்தாள், என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அண்ணன்தான் அணைச்சிருக்கான்" என்றேன். "எனக்குத் தெரியாது. நேத்துதான் தெரிஞ்சுது."

"ம்."

"நீ எத்தன நாளு ஓட்டுன அத?"

"ரெண்டு நாளுதாங்க்கா. இடது காலு சும்மா இருக்க மாட்டேங்குது. கிளட்ச்சுன்னு நெனச்சு பிரேக்க மிதிச்சு, அண்ணாச்சி மண்டை போயிக் கண்ணாடில முட்டிட்டு. அதுக்கு மேல 'நகருலே'ன்னு சொல்லி அவியளே ஓட்டுனாவ. நான் மூட்டதான் தூக்குனேன்."

சிரிப்பு வந்தது எனக்கு. அவனுக்கு வரவில்லை. அடக்கிக்கொண்டேன்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா? நான் இல்ல, மொதலாளிதான்னு?"

குழையைக் கட்டி முடித்தான். முடிச்சை இழுத்துப் பார்த்தான். "யாருன்னு நீங்க கேக்கலியக்கா. நாந்தான்னு முடிவு பண்ணித்தான வந்திய."

தண்ணிச் சொம்பு கையில் இருந்தது. குடிக்கவும் முடியவில்லை, வைக்கவும் முடியவில்லை.

"தப்புதான் மாடசாமி" என்றேன். "அத்தன பேர் முன்னால ஏசுனேன். அத்தன பேர் முன்னாலயும் சொல்லுதேன், வா."

"அதெல்லாம் வேண்டாங்க்கா."

"வேனுக்கு ஆள் இல்ல."

"பாப்போம்" என்றான். வாரேன் என்று சொல்லவில்லை.

வண்டியில் ஏறினேன். முன்னால் சுவர். ரிவர்ஸ் போட்டுப் பார்த்தேன், புத்தி கெட்டு. என்ஜின் சத்தம் மாறவில்லை. இறங்கிப்போய் இன்னொரு உதவி கேட்பதா? கண்ணாடிக்குள் அப்படியே உட்கார்ந்திருந்தேன். வேர்த்துக் கொட்டியது.

அவன் பார்த்துக்கொண்டே நின்றான். அப்புறம் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தான், சுவருக்கும் பம்பருக்கும் நடுவில் ஒடுங்கி நுழைந்தான். பானட்டில் இரண்டு கையையும் ஊன்றினான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் முகம், நேர் எதிரே, திரும்ப இடமில்லாமல்.

"நியூட்ரல்ல போடுங்க. என்ஜின அணைக்காதிய" என்றான்.

தள்ளினான்.